தொடாமல் சொன்ன நிமோனியா: பழவேற்காட்டு நுரையீரல்களின் வரலாறு

1929 டிசம்பர் 12 அன்று 'யங் இந்தியா' இதழில் ஒரு கடிதம் வெளியானது. எழுதியவர் கத்தியவாரில் இருந்த ஒரு தலித் பள்ளி ஆசிரியர். அவருடைய மனைவிக்குக் குழந்தை பிறந்தது. இரண்டு நாளில் உடம்பு சரியில்லாமல் போனது. நெஞ்சு வீங்கி மூச்சு வாங்கியது. மருத்துவரைக் கூப்பிடப் போனார். சேரிக்குள் வரமாட்டேன் என்றார் மருத்துவர். ஊர்ப் பெரியவர்களின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, இரண்டு ரூபாய் கட்டணத்துக்கு அவர்களே பொறுப்பேற்ற பிறகு, சேரிக்கு வெளியே கொண்டுவந்து காட்டினால் பார்க்கிறேன் என்றார். பிள்ளை பெற்று இரண்டே நாளான பெண்ணைச் சேரிக்கு வெளியே தூக்கிக்கொண்டு வந்தார்கள். மருத்துவர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் கணவரிடம் கொடுத்தார். கணவர் மனைவிக்கு வைத்தார். அதே வழியில் தெர்மாமீட்டர் திரும்பிப் போனது. இரவு எட்டு மணி இருக்கும். விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டு மருத்துவர் சொன்னார்: நிமோனியா.

நெஞ்சில் காது வைக்கவில்லை. நாடி பிடிக்கவில்லை. மருந்து மட்டும் அனுப்பினார். மறுபடி வந்து பார்க்க மறுத்தார். அந்தப் பெண் இறந்துபோனார்.

பாபாசாகேப் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் இந்தச் சம்பவத்தைச் சேர்த்திருக்கிறார். படித்தவர்கள் மறக்க முடியாத பகுதி அது. நாமும் பலமுறை கூட்டங்களில் சொல்லியிருக்கிறோம். ஆனால் 2020க்குப் பிறகு அதைப் படிக்கும்போது வேறொன்று கண்ணில் படுகிறது. அது நுரையீரல் நோயைக் கண்டறிந்த கதையும்கூட. நோயாளியின் உடம்புக்கும் மருத்துவருக்கும் நடுவே ஒரு கருவி வந்து நின்ற கதை. அந்தக் கருவி யார் கைவழியாகப் போனது, யாரிடம் திரும்பியது, அது சொன்ன பதிலை வைத்து அடுத்து என்ன செய்தார்கள் என்பதுதான் அதில் முக்கியம்.

கொரோனா காலத்தில் நம் ஜனங்களின் வாயில் புழங்கிய சொற்களில் ஒன்று 'சிடி ஸ்கேன்'. பழவேற்காடு ஏரிக்கரையில் இறால் தடவிப் பிழைக்கும் பெண்கள்கூட 'ஸ்கேன்ல எத்தனை பர்சன்ட்' என்று கேட்டார்கள். அந்த ஸ்கேன் எங்கிருந்து வந்தது, யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. நாம் எழுதாவிட்டால் இதை யாரும் எழுதப்போவதில்லை.

1918: சாதி வாரியாக எண்ணப்பட்ட சாவு

கொரோனாவுக்கு நூறாண்டு முன்பே நுரையீரலைத் தாக்கும் வைரஸ் நோய் ஒன்று இந்தியாவுக்குக் கப்பலில் வந்து இறங்கியது. 1918 இன்ஃபுளுவென்சா. பம்பாய் நகரத்தில் அன்றைய ஆங்கிலேய நிர்வாகம் சாவுக் கணக்கைச் சமூக வாரியாக எழுதியது. ஐரோப்பியர்களில் ஆயிரத்துக்கு 8.3 பேர் செத்தார்கள். சாதி இந்துக்களில் 18.9 பேர். 'தாழ்ந்த சாதி' என்று அவர்கள் எழுதிய நம் மக்களில் 61.6 பேர்.

வைரசுக்குச் சாதி தெரியாது என்று சொல்பவர்களுக்கு இந்த மூன்று எண்களையும் காட்டலாம். வைரசுக்குத் தெரியாது. ஆனால் வைரஸ் போய்ச் சேரும் வீட்டின் சன்னல், அந்த வீட்டுக்காரர் சாப்பிட்ட சோறு, அவர் செய்த வேலை, அவரைப் பார்க்க வந்த அல்லது வராத மருத்துவர் எல்லாமே சாதியால் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டவை.

வெள்ளைக்காரன் நம்மேல் கொண்ட அன்பால் இப்படி எண்ணவில்லை. ஆளுவதற்கு எண்ணினான். இருந்தாலும் அந்த எண்ணிக்கை இருப்பதால்தான் இன்றைக்கு நாம் பேச முடிகிறது. 2020இல் தமிழ்நாடு சுகாதாரத் துறையின் அன்றாட அறிக்கையில் இறந்தவரின் வயது இருந்தது, பாலினம் இருந்தது, சர்க்கரை நோய் இருந்ததா என்பதும் இருந்தது. சாதி இல்லை. எண்ணாததைக் கேட்கவும் முடியாது.

எக்ஸ்ரே வண்டி வந்த காலம்

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியில் ராண்ட்கன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். தோலைத் தாண்டி, சதையைத் தாண்டி, எலும்புக்கூட்டுக்குள் இருக்கும் நுரையீரலின் நிழலைப் பார்க்க முடிந்தது. 1936இல் பிரேசிலில் மனுவேல் தி அப்ரூ என்ற மருத்துவர் எக்ஸ்ரே நிழலைச் சின்ன ஃபிலிமில் பிடிக்கும் முறையைக் கொண்டுவந்தார். செலவு குறைந்தது. அதன் பிறகு இயந்திரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் படம் எடுக்க முடிந்தது. காசநோயைத் தேடிப்பிடிக்க உலகம் முழுக்க இதுதான் ஆயுதமாக இருந்தது.

இந்த வரலாற்றில் சென்னைக்குப் பெரிய இடம் உண்டு. 1956இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் சென்னையில் தொடங்கப்பட்டது. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வாரிசு. சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்தில் படுக்கவைத்து நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு வீட்டிலேயே மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானது. 1959இல் முடிவு வெளியானபோது உலகமே காசநோய்ச் சிகிச்சையை மாற்றிக்கொண்டது. நெருக்கமான வீடுகளில், அரை வயிற்றுச் சோற்றில் கிடந்த சென்னையின் ஏழைகள் தங்கள் நுரையீரலைக் காட்டி நிரூபித்த உண்மை அது.

அடுத்தது நம் மாவட்டக் கதை. 1968 முதல் 1971 வரை அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் பிசிஜி தடுப்பூசி ஆய்வு நடந்தது. உலகத்தின் மிகப்பெரிய தடுப்பூசி ஆய்வுகளில் ஒன்று. 2 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி போட்டார்கள். ஒரு பகுதியினருக்குத் தடுப்பூசி, இன்னொரு பகுதியினருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. பெரியவர்களுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். இயந்திரம் ஊருக்கே வந்தது. பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப வந்து பார்த்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்ற முடிவு 1979இல் வெளியாகி உலகத்தை அதிரவைத்தது. 15 ஆண்டுத் தொடர் கண்காணிப்பும் அதையே உறுதி செய்தது.

அந்த ஆய்வு தேவையற்றது என்று நாம் சொல்லவில்லை. அறிவியலுக்கு அது வேண்டியிருந்தது. ஆனால் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். எக்ஸ்ரே இயந்திரத்தைத் திருவள்ளூர் கிராமங்களுக்குக் கொண்டுவருவது 1968இலேயே முடிந்திருக்கிறது. சாலை இல்லை, மின்சாரம் இல்லை, ஆள் இல்லை என்ற சாக்குகள் அன்று குறுக்கே நிற்கவில்லை. நம் நெஞ்சின் படம் அறிவியலுக்குத் தேவைப்பட்டபோது இயந்திரம் நம்மைத் தேடி வந்தது. 2021இல் அந்தப் படம் நமக்குத் தேவைப்பட்டபோது நாம்தான் இயந்திரத்தைத் தேடி அலைந்தோம்.

ஏரியும் சாதியும்

பழவேற்காட்டைச் சுற்றுலாப் பக்கங்களில் படித்தவர்களுக்குப் பூநாரை தெரியும், டச்சுக் கல்லறை தெரியும். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி என்பது தெரியும். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு. ராக்கெட் கிளம்பும்போது கரையில் நின்றே பார்க்கலாம். அந்த ராக்கெட் தளத்துக்காகத் தீவிலிருந்து யானாதிப் பழங்குடிகள் வெளியேற்றப்பட்டதைச் சுற்றுலாப் பக்கங்கள் சொல்வதில்லை.

ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை 'பாடு' முறையில் நடக்கிறது. எந்த நாளில், எந்த இடத்தில், யார் சுத்து வலை கட்டுவது என்பதை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு. ஆய்வாளர்கள் இதை இயற்கையைக் காக்கும் பொதுவுடைமை ஏற்பாடு என்று வியந்து எழுதியிருக்கிறார்கள். வியக்க வேண்டிய பகுதிகள் அதில் உண்டு. ஆனால் பாட்டில் இடம் பிறப்பால் வருவது. பட்டினவர் குப்பத்தில் தலைக்கட்டு உள்ள ஆணுக்குத்தான் பாடு. தலித் மீனவருக்கும் இருளருக்கும் பாட்டில் முறை கிடையாது. இறால் ஏற்றுமதியில் காசு கொட்டத் தொடங்கியபோது இந்தப் பிரிவினை இன்னும் இறுகியது. மோதல்களும் நடந்தன. பாடு இல்லாதவர்கள் எஞ்சிய இடத்தில், எஞ்சிய நேரத்தில், எஞ்சிய வலையோடு இறங்குகிறார்கள். இருளப் பெண்கள் வலையே இல்லாமல் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் போடுகிறார்கள். மணிக்கணக்காக ஈரத்தில்.

இதோடு ஏரிக்குத் தெற்கே எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் அனல்மின் நிலையங்களின் புகையும் சாம்பலும். வீட்டுக்குள் விறகடுப்பு. பழைய காசநோய் வடு இருக்கும் நெஞ்சுகள். கொரோனா வந்து சேர்ந்தது இப்படிப்பட்ட நுரையீரல்களுக்குள்.

ஸ்கேன் வந்த கதை

சிடி ஸ்கேன் என்பது எக்ஸ்ரேயின் பேரப்பிள்ளை. எக்ஸ்ரே ஒரு பக்கமிருந்து ஒரே நிழலைப் பிடிக்கிறது. சிடி ஸ்கேன் உடம்பைச் சுற்றிப் பல கோணங்களில் கதிரைச் செலுத்தி, கிடைப்பதைக் கணினியால் கோத்து, ரொட்டியை வில்லை வில்லையாக வெட்டியதுபோல் உள்ளுறுப்பைக் காட்டுகிறது. பிரிட்டனில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய இயந்திரத்தில் 1971 அக்டோபர் 1 அன்று முதல் நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது. 1979இல் அவருக்கும் ஆலன் கார்மக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

2020 தொடக்கத்தில் சீனாவின் வூகானில் பிசிஆர் பரிசோதனைக் கருவிகள் போதவில்லை. முடிவு வர நாளானது. நோய் இருந்தும் 'இல்லை' என்று வந்தது. ஆனால் ஸ்கேனில் நுரையீரலின் இரண்டு பக்கமும், ஓரங்களில், கீழ்ப்பகுதியில் தேய்த்த கண்ணாடி போன்ற வெண்மங்கல் தெரிந்தது. பிப்ரவரி 13 அன்று ஹூபே மாகாணம் ஸ்கேன் படத்தையும் அறிகுறிகளையும் வைத்து நோயாளிகளைக் கணக்கில் சேர்த்தபோது ஒரே நாளில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பட்டியலில் ஏறினார்கள். அதற்கு முந்தைய நாள்வரை அவர்களுக்கு நோய் இருந்தது, பட்டியலில் இடம் இல்லை. சில நாளில் கணக்கு முறையை மறுபடி மாற்றினார்கள்.

பிப்ரவரி இறுதியில் வூகானின் 1,014 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. பிசிஆர் உறுதி செய்தவர்களில் 97 சதவீதம் பேருக்கு ஸ்கேனிலும் அடையாளம் தெரிந்தது என்றது. உலகமே ஸ்கேன் பக்கம் திரும்பியது. ஆனால் அதே ஆய்வில் பிசிஆர் 'இல்லை' என்ற பலருக்கும் ஸ்கேன் 'உண்டு' என்றது. அவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் கொரோனா, எத்தனை பேருக்கு வேறு நோய் என்பதைப் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஃபுளூ நிமோனியாவும் சில நேரம் அதே மாதிரி தெரியும். இன்னொரு பக்கம், 121 நோயாளிகளை வைத்த வேறோர் ஆய்வில், அறிகுறி தொடங்கிய முதல் இரண்டு நாளில் ஸ்கேன் எடுத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் நுரையீரல் சுத்தமாகத் தெரிந்தது. சீக்கிரம் எடுத்தால் ஏமாற்றும். வெறும் படத்தை நம்பினாலும் ஏமாற்றும்.

அதனால் அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி மார்ச் மாதமே சொல்லிவிட்டது: எல்லோரையும் சலித்தெடுக்கும் முதல் பரிசோதனையாக ஸ்கேனைப் பயன்படுத்தாதீர்கள். ஜூன் மாதம் உலக சுகாதார நிறுவனம் இன்னும் தெளிவாக வழி சொன்னது. அறிகுறி இல்லாதவருக்கு ஸ்கேன் வேண்டாம். பிசிஆர் கிடைக்காத இடத்தில், முடிவு தாமதமாகும் இடத்தில், 'இல்லை' என்று வந்தும் சந்தேகம் வலுவாக இருக்கும் இடத்தில் நெஞ்சுப் படத்தைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். அதாவது, நம் ஏரிக்கரை மாதிரி இடத்தில். அந்த வழிகாட்டுதலைப் படித்தபோது நமக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. பிசிஆர் தாமதமாகும் இடத்தில் சிடி ஸ்கேன் மட்டும் வீட்டு வாசலில் நிற்குமா?

ஸ்கேன் அறிக்கையில் 'கோ-ராட்ஸ் 5' என்று எழுதியிருந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். கொரோனாவாக இருக்கும் சந்தேகம் எவ்வளவு என்பதை 1 முதல் 5 வரை சொல்லும் அளவுகோல். பிசிஆரும் உறுதி செய்தால் 6. இதை 2020இல் உருவாக்கியவர்கள் நெதர்லாந்தின் கதிரியக்க மருத்துவர்கள். 1613இல் பழவேற்காட்டில் ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டியதும் டச்சுக்காரர்கள்தான். அந்தத் துறையிலிருந்து பஞ்சத்தில் அடிபட்ட சோழமண்டலக் கரையின் ஏழைகளை அடிமைகளாகப் படேவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். இன்றைய மருத்துவர்கள்மேல் அந்தப் பழியைப் போட முடியாது. அவர்கள் செய்தது நல்ல வேலை. ஆனால் இந்தக் கரையின் மனிதர்களை நாலு நூற்றாண்டு முன்பு எண்ணிய நாடு ஒன்று, இன்று அவர்களின் நுரையீரலை எண்ணிச் சொல்ல ஓர் அளவுகோல் தந்திருக்கிறது என்பதை வரலாறு எழுதுபவர்கள் தாண்டிப் போக முடியாது.

2021 மே

முதல் அலையில் நோயைவிடப் பட்டினிதான் குப்பங்களைத் தாக்கியது. வண்டி ஓடவில்லை, மீன் வாங்க ஆள் வரவில்லை. இரண்டாவது அலை வேறு மாதிரி. காய்ச்சல் தெருத்தெருவாக ஏறியது.

நாங்கள் சிலர் சேர்ந்து காசு திரட்டி, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் மூன்று வாங்கிக் குடியிருப்புகளில் கொடுத்தோம். பெரிய உதவி செய்துவிட்டதாக அன்று நினைத்தோம். பிறகுதான் ஓர் ஆய்வைப் படித்தோம். 2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. கறுப்பின நோயாளிகளின் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தும் ஆக்சிமீட்டர் சரியாக இருப்பதாகக் காட்டிய தவறு, வெள்ளையர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். அந்தக் கருவி ஒளியை விரலுக்குள் செலுத்தி அளக்கிறது. தோலின் கருமை அளவைக் குழப்புகிறது. வெயிலிலும் உப்புத்தண்ணியிலும் கறுத்த எங்கள் ஆட்களின் விரலில் '94' என்று வந்தபோது 'பரவாயில்லை, வீட்டிலேயே இருங்கள்' என்று நாங்களும் சொல்லியிருக்கிறோம். அதை இன்றும் நினைத்தால் மனசு சங்கடப்படுகிறது.

அந்த மே மாதம் ஒரு தலித் மீனவர். நாற்பது வயதுக்குச் சற்று மேல். ஆறு நாள் காய்ச்சல், நாலடி நடந்தால் மூச்சு வாங்கல். பிசிஆர் 'இல்லை' என்று வந்தது. 'இல்லை' என்ற சீட்டோடு போனால் கொரோனா வார்டில் சேர்க்கவில்லை. இருமலோடு போனதால் பொது வார்டிலும் சேர்க்கவில்லை. ஏரியிலிருந்து ஊர்தி பிடித்து ஒரு நகரத்துத் தனியார் ஸ்கேன் மையத்துக்குக் கொண்டுபோனோம். நாலாயிரம் ரூபாய். அவர் மனைவி காதில் இருந்ததைக் கழற்றினார். அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் ஸ்கேன் மையங்களில் 500 ரூபாய்தான் கட்டணம் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அங்கே போய் வரிசையில் நிற்க அவருக்கு மூச்சு இல்லை. படம் வந்தது: கோ-ராட்ஸ் 5. அந்தத் தாளைக் காட்டிய பிறகுதான் ஒரு படுக்கை கிடைத்தது. நாலாவது நாள் இறந்துபோனார்.

அந்த மே 8ஆம் தேதிதான் ஒன்றிய சுகாதார அமைச்சகம் ஓர் உத்தரவு வெளியிட்டது. கொரோனா மையத்தில் சேர்க்கப் பரிசோதனையில் 'உண்டு' என்று வந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, சந்தேகம் இருந்தாலே சேர்க்க வேண்டும், அடையாள அட்டை இல்லை என்றோ வேறு ஊர்க்காரர் என்றோ திருப்பி அனுப்பக் கூடாது என்றது. நல்ல உத்தரவு. தில்லியிலிருந்து ஏரிக்கரைக்கு அது வந்து சேர எத்தனை நாளாகும் என்று யாரும் எழுதவில்லை.

அதே வாரம் தொலைக்காட்சியில் வேறொரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது. எய்ம்ஸ் இயக்குநர் ரன்தீப் குலேரியா, லேசான நோய்க்கு ஸ்கேன் எடுக்காதீர்கள், ஒரு ஸ்கேன் 300 முதல் 400 எக்ஸ்ரேவுக்குச் சமம், திரும்பத் திரும்ப எடுத்தால் பிற்காலத்தில் புற்றுநோய் ஆபத்து என்றார். இந்தியக் கதிரியக்க மருத்துவர் சங்கம் அதை மறுத்தது. அது பழைய கணக்கு, இன்றைய இயந்திரங்களில் கதிர் அளவு மிகவும் குறைவு என்றது. இரண்டிலும் உண்மை உண்டு. வசதியானவர்கள் மூன்று நாளுக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது நடந்தது. அவர்களுக்கு அந்த எச்சரிக்கை தேவைதான். ஆனால் தேவைக்கு மேல் எடுத்தவர்களைப் பற்றிய விவாதத்தில், தேவைக்கும் எடுக்க முடியாதவர்கள் காணாமல் போனார்கள்.

ஒரு தாளின் விலை

கதை அங்கே முடியவில்லை. 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் கொரோனாவில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு நிவாரணம் தரச் சொன்னது. 50 ஆயிரம் ரூபாய் என்று முடிவானது. யாருடைய சாவு கொரோனாச் சாவு என்பதற்கு செப்டம்பரில் ஒன்றிய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. பிசிஆர், ஆன்டிஜென் பரிசோதனை மட்டுமல்லாமல், மருத்துவமனையில் மருத்துவர் பரிசோதித்து, படம் முதலானவற்றை வைத்துக் கொரோனா என்று தீர்மானித்திருந்தாலும் செல்லும் என்றது. இறப்புச் சான்றிதழில் கொரோனா என்று எழுதவில்லை என்பதை மட்டும் காரணம் காட்டி நிவாரணத்தை மறுக்கக் கூடாது என்று அக்டோபர் 4 அன்று உச்ச நீதிமன்றமும் சொன்னது.

அந்த மீனவரின் இறப்புச் சான்றிதழில் நிமோனியா என்றிருந்தது. பிசிஆர் 'இல்லை'. அவர் மனைவி ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறையிலேயே அந்த ஸ்கேன் தாளையும் வைத்திருந்தார். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் எந்தத் தாளை எறியக் கூடாது என்பது நம் பெண்களுக்குத் தெரியும். அதை வைத்து மனு எழுதினோம். ஓர் அலுவலகத்தில் 'நிமோனியான்னுதானே போட்டிருக்கு' என்று திருப்பினார்கள். மறுபடி போனோம். நீதிமன்ற உத்தரவின் நகலோடு போனோம். பல மாதம் கழித்துப் பணம் வந்தது.

அதே தெருவில், அதே வாரத்தில், அதே மாதிரி மூச்சு வாங்கி ஓர் இருளப் பெண் குடிசையிலேயே இறந்தார். ஸ்கேன் இல்லை. பிசிஆர் இல்லை. மருத்துவர் பார்க்கவில்லை. அவர் குடும்பத்துக்கு எதுவும் வரவில்லை. கேட்பதற்கு அவர்கள் கையில் ஒரு தாள்கூட இல்லை. கொரோனாவில் தாய் தந்தையை இழந்த பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசு உதவித்தொகை அறிவித்ததும் நல்ல திட்டம்தான். அங்கேயும் முதல் கேள்வி, கொரோனாதான் என்பதற்குச் சான்று என்ன என்பதே.

2021 இறுதிவரை இந்தியாவில் கொரோனாவால் இறந்தவர்கள் சுமார் 4 லட்சத்து 80 ஆயிரம் என்றது அரசு. அந்த இரண்டு ஆண்டுகளில் பெருந்தொற்றால் கூடுதலாக நேர்ந்த சாவுகள் சுமார் 47 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் மதிப்பிட்டது. இந்திய அரசு அதை ஏற்கவில்லை. இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தில் எங்கோ அந்த இருளப் பெண்ணும் இருக்கிறார் என்று நாம் நம்புகிறோம்.

நெஞ்சு ஸ்கேனை மருத்துவர்கள் நோயறியும் கருவி என்கிறார்கள். நம் ஜனங்களுக்கு அது அதோடு நிற்கவில்லை. படுக்கை கிடைக்க நுழைவுச்சீட்டாக இருந்தது. செத்த பிறகு சாவுக்குச் சாட்சியாக இருந்தது. அது இல்லாதவர் நோயாளியாகவும் இல்லை, இறந்தவராகவும் இல்லை.

நாம் கேட்பது

சிடி ஸ்கேன் ஊருக்கு ஊர் வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அது தேவையும் இல்லை. கையில் தூக்கிப் போகும் எக்ஸ்ரே இயந்திரம் இன்று வந்துவிட்டது. 2019-21இல் நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில் கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள், எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால் தவறிப் போயிருப்பார்கள். எக்ஸ்ரே, ஸ்கேன் அளவுக்கு நுணுக்கமாகக் காட்டாது. வைரஸ் நிமோனியாவின் தொடக்கத்தைத் தவறவிடும். ஆனால் காசநோயையும் முற்றிய நிமோனியாவையும் காட்டும். யாரை உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லும்.

அந்த இயந்திரம் மாதம் ஒருமுறை ஏரிக்கரைக் குடியிருப்புகளுக்கு வர வேண்டும். பட்டினவர் குப்பத்தின் கோயில் வாசலில் நின்றுவிடாமல் தலித் தெருவுக்கும் இருளர் குடியிருப்புக்கும் வர வேண்டும். எடுத்த படத்தின் நகல் அவரவர் கையில் இருக்க வேண்டும். நம் நெஞ்சின் படம் ஆய்வுக்கூடத்தில் மட்டும் இருந்தால் போதாது. அடுத்த தொற்று வரும்போது, 'இது போன வருசம் எடுத்தது, அன்னிக்கு இப்படி இல்ல' என்று காட்ட நம் பிளாஸ்டிக் உறையில் ஒரு தாள் வேண்டும். சாவுக் கணக்கில் சாதி இருக்க வேண்டும். 1918இல் வெள்ளைக்காரனால் எழுத முடிந்ததை நம் அரசால் எழுத முடியாதா?

கடைசியாக ஒன்று. கொரோனா காலத்தில் 'சமூக விலகல்' என்று அரசே சொன்னபோது நம்மில் பலர் எதிர்த்தோம். விலகி நிற்கச் சொல்லி நமக்குப் பல நூற்றாண்டாகப் பாடம் நடத்தியிருக்கிறார்கள், 'உடல் இடைவெளி' என்று சொல்லுங்கள் என்றோம். பிறகு அந்தச் சொல் மாறியது. மருத்துவத்திலும் அதுதான் விஷயம். தொடாமல் பார்க்கும் கருவியால் இரண்டும் செய்ய முடியும். தொடத் தேவையில்லாத அளவுக்குத் துல்லியமாகப் பார்த்து உயிரைக் காப்பாற்றலாம். தொட மனமில்லாதவருக்கு வசதியாகவும் இருக்கலாம். கத்தியவாரில் அந்த இரவு தெர்மாமீட்டர் சரியாகத்தான் வேலை செய்தது. மருத்துவர் சொன்ன நோயின் பெயரும் சரியாக இருந்திருக்கலாம். அதன் பிறகு அவர் திரும்பி வரவில்லை.

படம் எடுத்தவர் திரும்பி வருகிறாரா என்பதைத்தான் நாம் இனி ஒவ்வொரு முறையும் கேட்போம்.